முன்கதையில் இல்லாதவர்

அத்தியாயம் 11

சுகிர்தா மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். அவள் கண் போனில் இருக்கும். திடீரென்று முகம் மலரும். அடுத்த நிமிடமே யாரோ வையக் கேட்டதுபோல வாடிப்போகும். இன்றைக்கு, உடம்பு சரியில்லை என்று ஜெராக்ஸ் கடைக்கு லீவும் சொல்லிவிட்டாள்.

தேவகி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இருபத்துமூன்று வயதுப் பெண் போனைப் பார்த்துச் சிரித்து, போனைப் பார்த்தே கண் கலங்கினால் ஒரு தாய் என்ன நினைப்பாளோ, அதைத்தான் அவளும் நினைத்தாள்.

"யாருடி அது?"

"எது யாரு?"

"போன்ல."

"காவியாம்மா. ராஜகுளம் காவியா. வேற யாரு?"

அது பொய் இல்லை. காவியா படம் வரைபவள், சுகிர்தா எழுதுபவள். இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு முன் 'ஏரித் தெரு' என்று ஒரு விஷுவல் நாவல் செய்தார்கள். போனில் படம் படமாக வரும். கீழே கதை ஓடும். நடுநடுவே, இப்போது இவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு இரண்டு மூன்று வழிகள் காட்டும். விளையாடுகிறவர் ஒன்றைத் தொட வேண்டும். அந்தக் கதையில் வரும் தாய், விடியற்காலையில் பஸ் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவாள். ஏன் என்று கதை சொல்லாது. விளையாடியவர்கள் அதையே கேட்டுக் கேட்டுத் துளைத்தார்கள். அதனால்தான் சுகிர்தா முன்கதை ஒன்று எழுதினாள். நாற்பது நிமிடத்தில் முடிந்துபோகும் சின்னக் கதை. பெயர் 'விடியற்காலைப் பேருந்து'. போன புதன்கிழமை அதை அவள் வெளியிட்டதை நாம் பார்த்தோம். அந்தத் தாய் யார் என்று எழுதியவளுக்குத் தெரியும். தாய்க்குத்தான் தெரியாது.

"சோறு துன்னு. ஆறிப்போவுது," என்று சொல்லிவிட்டு, தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தேவகி நடவுக்குக் கிளம்பினாள்.

தை மாதத்துப் பனி ஏரியிலிருந்து எழுந்து தெருவுக்குள் வந்திருந்தது. பத்தடி தூரத்தில் போகிற ஆள் தெரியவில்லை, பேச்சு மட்டும் கேட்டது. மாதா கோயில் மணிக்கூண்டின் மேல்பாதி இல்லை. மாடுகள் பாதியாக வந்து முழுசாகிக் கடந்து போயின. தேவகிக்கு இந்த மாதிரிக் காலை பிடிக்கும். எதையும் கூர்ந்து பார்க்க வேண்டியதில்லை. நடந்தால் போதும், ஊர் தானாக எதிரே வந்துகொண்டிருக்கும்.

நவரைப் பட்டத்து நெல் நடவு. பதினோரு பெண்கள். மங்கம்மாதான் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வருபவள். அவள் மகள் இந்துவுக்குக் காலேஜில் பரீட்சை லீவு. சேற்றில் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவளை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பத்தரை மணிக்குப் பனி விலகியது. நட்ட வயலில் நின்ற தண்ணீரில் வானம் முழுதும் விழுந்து கிடந்தது. வரப்பில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டபோது இந்து போனை எடுத்தாள்.

"ம்மா, இத்த ஒரு தபா பாரு. எங்க காலேஜ் குரூப் ஃபுல்லா இதான் ஓடிக்கினு கீது. நம்ப பக்கத்து ஆளுங்கதான் பண்ணிக்கீறாங்களாம்."

"இன்னாது, சினிமாவா?"

"கேம். கதை கேம். நான் படிக்கிறேன், நீங்கல்லாம் இன்னா பண்ணணும்னு சொல்லுங்க."

புல்லாங்குழல் மாதிரி ஒரு ஓசை வந்தது. முதல் படம். பனிக்குள் ஒரு புளியமரம். அதற்குக் கீழே சிமெண்டு உதிர்ந்த ஒரு பஸ் ஸ்டாப்.

"மானாம்பதி மாதிரியே கீதுடி," என்றாள் மங்கம்மா.

தேவகியின் டீ டம்ளர் உதட்டருகில் அப்படியே நின்றது.

மானாம்பதி மாதிரி என்ன, அவள் பிறந்து வளர்ந்த மானாம்பதியேதான். மரத்தின் இடதுபக்கக் கிளை ஒன்று ரோட்டின்மேல் தாழ்ந்து தொங்கும். படத்திலும் தொங்கியது.

இந்து வாசித்தாள். ஒரு பெண், இருபத்திரண்டு வயது. சர்ச்சுத் தெருப் பையனை விரும்புகிறாள். வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் அரிவாளைத் தேடுகிறான். தெருவே கூடி நிற்க, அப்பா வாசலுக்கு வந்து நின்று சொல்கிறார்: 'எனக்குப் பொண்ணே பொறக்கலன்னு நெனச்சுக்கறேன்.'

அந்த வார்த்தையைத் தேவகி தன் வாழ்நாளில் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறாள். சுகிர்தாவுக்கு டைபாய்டு வந்து கிடந்த ஒரு மழைக்காலத்தில், தூக்கம் வராமல் கதை கேட்ட பிள்ளைக்கு, வேறு கதை எதுவும் ஞாபகம் வராமல் சொன்னாள்.

"இப்ப கேக்குது," என்றாள் இந்து. "அவ இன்னா பண்ணணும்? காலையில கெளம்பிடணுமா, இன்னும் ஒரு நாளு பாக்கணுமா, அண்ணங்கிட்ட பேசணுமா?"

"அண்ணங்கிட்ட பேசுறதா? வெட்டிப்புடுவான்," என்றாள் ஒருத்தி.

"போவாதன்னு அமுக்கு. ஒரு வாரம் போனா ஆத்தாக்காரி மனசு எறங்கும்."

"எறங்கும், எறங்கும். உனக்கு எறங்குச்சே. போவட்டும்டி. அமுக்கு."

தேவகியைத் தவிர எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நடவு மறந்துபோயிற்று. டீ ஆறியது. இந்து சிரித்தாள். "எத்த அமுக்கினாலும் கடைசியில பஸ்ஸுலதான் ஏறுவா. அதுக்குத்தான் எல்லாரும் கமெண்ட்ல திட்டிக்கினு கீறாங்க."

"அப்ப எதுக்கு நம்பள கேக்குது?" என்றாள் மங்கம்மா நிஜமான கோபத்துடன்.

அந்தப் பெண் தனியாக நடந்தாள். தனியாகப் பனிக்குள் நின்றாள். பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஊர் மறைகிறவரை அழுதாள். காவியாவின் தூரிகை ஒவ்வொரு துளியையும் தனித்தனியாக வரைந்திருந்தது. எழுத்து: சு. ஓவியம்: கா. அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் கீது. இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்."

"அந்த அப்பன்," என்றாள் மங்கம்மா. "பஸ் ஸ்டாப்பு வரிக்கும்கூட வர்ல பாத்தியா? அவன்லாம் ஒரு மனுசன். அவன் கை கால் விளங்குமா?"

"அப்டி சொல்லாதக்கா," என்றாள் தேவகி.

குரல் வேறு மாதிரி வந்தது. மங்கம்மா திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, கதைதானே. உனக்கு இன்னா வந்துச்சி?"

"கதைதான்."

இந்து போனை நீட்டினாள். "சித்தி, நீங்க ஒண்ணுமே சொல்லல. நீங்களே ஒரு தபா ஆடிப் பாருங்க."

தேவகி வயல் தண்ணீரில் கையலம்பி, புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்துக்கொண்டு போனாள். புளியமரம் வந்தது. திரும்பிப் பார், பார்க்காதே, கண்ணைத் துடைத்துக்கொள் என்று மூன்று வழி காட்டியது. தேவகி மூன்றையும் தொடவில்லை. மரத்துக்குப் பின்னால், பனி கொஞ்சம் கறுத்துக் கிடந்த இடத்தை விரலால் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை தொட்டாள்.

"எங்க தொட்றீங்க சித்தி? பட்டன் கீழ கீது."

தேவகி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வயலில் இறங்கினாள். ஒரு மணி வரைக்கும் தலை நிமிராமல் நாற்றை ஊன்றிக்கொண்டே போனாள்.

திரும்பி வரும்போது ஏரிக்கரைமேல் நடந்தாள். அது சுற்று வழி. தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளித் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. நீர்க்காக்கைகள் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. நடக்க நடக்க, இருபத்துநான்கு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலை தன் பக்கத்தில் கூடவே நடந்து வருகிற மாதிரி இருந்தது.

அன்றைக்கும் பனிதான். முந்தின நாள் சாயங்காலம் தெருவே கேட்க அப்பா சொன்னது சொன்னதுதான். விடிவதற்குள் அவள் ஒரு துணிப் பையோடு, சர்ச்சுத் தெரு ஜானிடம் போகக் கிளம்பிவிட்டாள். புளியமரத்தடிக்கு வந்தபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி.

நைனா. வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்ன அதே அப்பா.

வரப்பு வழியாகக் குறுக்கே வந்திருக்கிறார். முழங்கால் வரை பனி ஈரம். அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த நேரம் முடியாமல் நீண்டுகொண்டே போகும். தூரத்தில் மஞ்சளாக இரண்டு விளக்கு தெரிந்தது. பனியில் டிரைவருக்கு ஆள் தெரியாது, நிறுத்தாமல் போய்விடுவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தலையிலிருந்த துண்டை உருவிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்று வீசினார். பஸ் அவர்மேல் ஏறிவிடுகிற தூரத்தில் வந்து நின்றது.

"ஏறு," என்றார்.

அவள் ஏறியபிறகு ஜன்னலண்டை வந்தார். "நான் வந்தத யார்க்கும் சொல்லாத. ஜான்கிட்டயும் சொல்லாத. சொன்னா அவன் நல்ல புள்ள, நாளைக்கே என்னப் பாக்க வந்து நிப்பான். உங்கண்ணன் வெட்டிடுவான்."

அப்போதுதான் கவனித்தாள். அவசரத்தில் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பாக்கெட் பை நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. பஸ் கிளம்பியபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, பங்குனியில், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவர் வருவார். இந்தப் பக்கம் அவள் நிற்பாள், அந்தப் பக்கம் அவர் நிற்பார். தலையை ஒருமுறை ஆட்டுவார். அவ்வளவுதான். கால் முடியாமல் போயிருக்கும், இரண்டு வருடமாக வரவில்லை.

அந்த மனிதரைத்தான் இன்றைக்கு மங்கம்மா வரப்பில் உட்கார்ந்து சாபம் விட்டாள். ஆட்டத்தை விளையாடுகிற ஊர் பேர் தெரியாத அத்தனை பேரும் விடுவார்கள்.

வீட்டில் சுகிர்தா தரையில் படுத்து, காலையில் பார்த்த அதே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவகி கால் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அவ அழுவல," என்றாள்.

"யாரு?"

"பஸ்ஸுல போனவ."

சுகிர்தா எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "யாரு காட்டினா?" என்று மட்டும் கேட்டாள்.

"மங்கம்மா பொண்ணு. நடவுல பதினோரு பேரும் பாத்தோம். ஊருக்கே காட்டிக்கீற. எங்கிட்ட காட்டல."

"நீ வாணான்னு சொல்லிடுவன்னு பயந்தேம்மா."

"சொல்லித்தான் இருப்பேன்."

சுகிர்தா அழுதாள். தேவகி தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஜனங்க இன்னா எழுதிக்கீறாங்க, படி," என்றாள்.

"வாணாம்மா."

"படி. நானும்தானே ஆடினேன். மத்தவங்களுக்கு இன்னா தோணிச்சின்னு எனக்கும் தெரியணும்."

சுகிர்தா படித்தாள். முதலில் தயங்கி, பிறகு நிறுத்தாமல்.

ஒருவர் எழுதியிருந்தார்: நாற்பது நிமிடம் என்பது அநியாயம், கதவைத் திறந்து காட்டிவிட்டு உடனே மூடுகிறீர்கள். இன்னொருவருக்கு அந்த நாற்பது நிமிடமே அதிகம். 'முதல் கதையில் அந்த அம்மா ஏன் பேச்சை நிறுத்துகிறாள் என்று தெரியாமல் இருந்ததுதான் அழகு. இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு என் பழைய அம்மா வேண்டும்.' பனியின் படத்துக்காக மட்டும் ஐந்து நட்சத்திரம் என்று மதுரையிலிருந்து ஒருத்தி. எந்த வழியில் போனாலும் ஒரே பஸ் என்றால் எதற்கு ஆட்டம், புத்தகமாகவே போட்டிருக்கலாமே என்று ஒரு கோபக்காரர். அவருக்குக் கீழே ஒருவர்: 'வீட்டை விட்டுப் போனவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். நிறைய வழி இருந்ததுபோலத் தோன்றும். நான் போனவள்.'

"இவ சரியாச் சொல்லிக்கீறா," என்றாள் தேவகி. "அப்பால?"

"அப்பால எல்லாம் தாத்தாவப் பத்திதான்."

"படி."

"வாணாம்மா. அசிங்கமா எழுதிக்கீறாங்க."

அந்தத் 'தாத்தா' என்ற சொல் கூடத்தில் விழுந்து கிடந்தது. சுகிர்தா அவரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒருவரை வாசலில் நிறுத்தி, கெட்டவராக எழுதி, ஊர் முழுக்க வைய வைத்திருக்கிறாள். தேவகி அந்தப் பனிக்காலையை அவளுக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல, நடுரோட்டில் துண்டு வீசினதைச் சொல்லும்போது தன் கையும் உயர்ந்துவிட்டதைத் தேவகியே கவனிக்கவில்லை.

கேட்டு முடித்ததும் சுகிர்தா, "பேர் இல்லாம ஒரு ஆள வெச்சாக்கூடப் போதும்மா. மரத்தாண்ட. நான் மாத்திடட்டுமா? ரெண்டு நாள்ல காவியா வரைஞ்சு குடுத்துடுவா," என்றாள்.

"மொதல்ல உங்கப்பாவுக்குச் சொல்லணும்," என்றாள் தேவகி. "ஆட்டத்துல பாத்து அவரு தெரிஞ்சுக்கக் கூடாது."

ஜான் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து வரும்போது ஆறு மணி. தலையெல்லாம் நெல்தூசி. மூட்டை தூக்கித் தூக்கித் தோள் சிவந்திருந்தது. இருபத்துநான்கு வருடமாக அவர் மாமனாரின் பெயரைச் சொன்னதில்லை. 'மானாம்பதியார்' என்பார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. வந்தவாசிக்குப் போக வேண்டியிருந்தால் மானாம்பதி வழியாகப் போக மாட்டார். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ், புதுப் புடவையைத் தேவகி கையில் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார்: "பெத்தவன் கைவிட்டாலும் நான் விட்டுட மாட்டேன்." அவள் வாங்கிக்கொள்வாள். அந்த வார்த்தை ஒவ்வொரு வருடமும் அவளுக்குள் எங்கோ போய்க் குத்தும்.

அவர் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள். உட்கார வைத்துச் சொல்லலாம் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று பயம்.

ஜான் செம்பைக் கீழே வைத்தார். தண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அவரா நிறுத்தினாரு?"

"ம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கள வெட்டிடுவான்னு சொன்னாருங்க."

"இருவத்துநாலு வருசமாவா வெட்டுவான்?"

முதல் ஐந்து வருடம் பயத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்லாமல் இருந்ததே ஒரு பழக்கமாகிவிட்டது. அந்தப் பனிக்காலை அவளுக்கென்று மட்டும் இருந்த ஒன்று. வேலை இல்லாத நாளில், காய்ச்சலில், பிள்ளை பெற்ற வலியில் அவள் போய் நின்றுவிட்டு வருகிற இடம். இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பனி விலகிவிடுமோ என்று இருந்தது. இதை எப்படிச் சொல்வது?

ஜான் சுவரோரம் உட்கார்ந்தார்.

"அந்த மனுசன நான் எம்மாம் பேசிக்கீறேன்," என்றார். "உன் எதிர்லயே. நீ கேட்டுக்கினே இருந்த."

"கேட்டுக்கினேதான் இருந்தேன்."

"ஒருநாளாவது என் வாயப் பொத்தியிருக்கலாமே, தேவகி."

அவர் அழவில்லை. கை மட்டும் தரையில் இருந்த நெல்தூசியைச் சேர்த்துச் சேர்த்துக் கலைத்துக்கொண்டிருந்தது. தேவகி அவர் பக்கத்தில் போய் உட்காரலாமா என்று நினைத்து, உட்காராமல் நின்றாள். வெளியே மறுபடியும் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தெருவிளக்கைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம்.

"அம்மா." சுகிர்தா உள்ளேயிருந்து வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "இப்ப ஒரு கருத்து வந்துருக்கு. நாலு ஸ்டார். பேர் வளர்மதி வேதாசலம்னு கீது."

வேதாசலம் தேவகியின் அண்ணன் பெயர்.

"படி," என்றார் ஜான்.

சுகிர்தா படித்தாள்.

"'கதை பிடிச்சிருந்தது. படம் எங்க ஊர் பஸ் ஸ்டாப் மாதிரியே இருந்ததால எங்க தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்த அப்பா பேசற இடத்துல நான் கொஞ்சம் வேகமாப் படிச்சுட்டேன், தாத்தா நிறுத்தி மறுபடியும் படிக்கச் சொன்னாரு. முழுசும் கேட்டாரு. கடைசியில, பஸ்ஸ யாரு நிறுத்தினதுன்னு போடலியான்னு கேட்டாரு. நான் மூணு வழியும் விளையாடிப் பார்த்துட்டேன், எதுலயும் இல்ல. தாத்தா அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு. எழுதினவங்க சொல்ல முடியுமா?'"

தேவகி எட்டி, அந்தப் பெயரைத் தானே ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்தாள். அண்ணனுக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்பதே அவளுக்குப் புதிது. அந்தப் பெண்ணின் வாய்வழியாக, யாரிடமும் சொல்லாதே என்ற அதே ஆள், ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

"இன்னாம்மா எழுதட்டும்?"

தேவகி ஜான் பக்கம் திரும்பினாள். அவர் நிமிர்ந்தார். "அவரே கேக்குறாரு. இன்னும் இன்னா? சொல்லு."

"நைனாதான் நிறுத்தினாருன்னு போடு," என்றாள் தேவகி. "தேவகி சொன்னான்னு போடு."

சுகிர்தா தட்டெழுதி அனுப்பினாள். மூன்று பேரும் அந்தச் சின்ன வெளிச்சத்தைச் சுற்றி நின்றார்கள். அடுத்த வீட்டில் யாரோ தாளிக்கிற வாசனை வந்து, போனது. ஏழு மணி இருக்கும். பதில் வராது என்று தேவகி நினைத்த நேரத்தில் வந்தது.

"'நீங்க யாரு? தேவகிங்கற பேர நான் படிச்சதும் தாத்தா எழுந்துட்டாரு. செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாரு. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. அவரால பத்தடிகூட நடக்க முடியாது. அப்பா இன்னும் வீட்டுக்கு வரல. வந்தா சத்தம் போடுவாரு. நான் என்ன பண்றது?'"

தேவகி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டாள்.

"பனியில நிக்க வாணாம், உள்ள போயி உக்காரச் சொல்லு. நானே வரேன்னு சொல்லு."

"உங்கண்ணன் வந்துட்டான்னா?" என்றார் ஜான்.

"வரட்டும்."

இப்படி ஒரு குரலில் அவள் பேசி ஜான் கேட்டதில்லை. அவர் எழுந்தார். சட்டையை எடுத்து ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு, இன்னொரு கையை நுழைக்காமல் அப்படியே நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவியிடம் அவர் எதற்கும் அனுமதி கேட்டவர் இல்லை.

"தேவகி," என்றார். "நானும் வரலாமா?"